தோற்ற டீமும் கீழாநெல்லியும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் 1969–74 சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அமெரிக்காவில் கண்டதும் கேட்டதும்'. நயாகராவைப் பற்றியும் டிஸ்னிலேண்டைப் பற்றியும் நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு மகனோ மகளோ அங்கே இருக்கிறார்கள். நீங்களே போய், மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு படம் எடுத்து வந்திருப்பீர்கள். அதனால் ஒரே ஒரு சங்கதியை மட்டும் பேசிவிட்டு உட்காருகிறேன். ஒரு காலேஜ் பேஸ்பால் டீம். தோற்றுக்கொண்டே இருந்த டீம். அதை எதற்காக இங்கே வந்து சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் அதில் சம்பந்தம் உண்டு.

பொதுப்பணித் துறையிலிருந்து 2010-ல் ஓய்வு பெற்றேன். 2012 ஜனவரியில் நானும் என் மனைவியும் கலிஃபோர்னியாவில் பாசடீனா என்ற ஊருக்குப் போனோம். மகள் அங்கே கால்டெக்கில் வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கால்டெக் என்றால் இங்கே உள்ள மாணவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஃபெய்ன்மன் பாடம் நடத்திய இடம். அப்போது இளநிலை மாணவர்கள் மொத்தமே ஆயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். நம் கல்லூரியில் ஒரு வருஷத்துக்குச் சேர்கிறவர்கள் அதைவிட அதிகம்.

மகள் காலையில் லேபுக்குப் போனால் ராத்திரிதான் வருவாள். எனக்கு நடைதான் பொழுதுபோக்கு. அப்படி ஒரு சனிக்கிழமை, கலிஃபோர்னியா புல்வார் என்ற சாலைக்குத் தெற்கே இருக்கும் விளையாட்டு மைதானங்கள் பக்கம் போனேன். 'டங்' என்று ஒரு சத்தம். குடத்தைக் கல்லில் போட்ட மாதிரி. என்னவென்று எட்டிப் பார்த்தால் பேஸ்பால். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்கள் மரக் கட்டையால் அடிக்கிறார்கள். கல்லூரிப் பையன்கள் உலோக மட்டையால் அடிக்கிறார்கள். அந்தச் சத்தம்தான் அது. சும்மா பார்ப்போமே என்று அலுமினியப் படியில் உட்கார்ந்தேன். பருவம் முடியும் வரை என் சனிக்கிழமைகள் அங்கேயே போயின.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் புரியவில்லை. கிரிக்கெட் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். நம் பிட்ச் 66 அடி. அங்கே எறிகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவில் 60 அடி 6 அங்குலம். பந்தைக் குத்தாமல் நேராக எறிகிறான். எறிகிறவன் நிற்கும் இடம் 10 அங்குலம் மேடாக இருக்கும். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த கட்சி ஆட வரும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். இதில் எனக்குப் பிடித்துப் போனது அவர்களுடைய ஸ்கோர் போர்டு. பேஸ்பாலில் எடுத்த ரன், சுத்தமாக அடித்த அடி இவற்றோடு மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு: பிழை. கைக்கு வந்த பந்தை விட்டால், எறிய வேண்டிய இடத்துக்கு எறியாமல் போனால், எண்ணிக்கை ஒன்று கூடும். தாய் தகப்பன், சிநேகிதி எல்லோரும் பார்க்கும்படி ஆட்டம் முடியும்வரை அது அங்கேயே நிற்கும். நம் துறையில் ஒவ்வொரு பாலத்துக்கும் பக்கத்தில் இப்படி ஒரு பலகை வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதை இங்கே விவரிக்க வேண்டாம்.

கால்டெக் பையன்களின் சட்டையில் பீவர் என்ற விலங்கின் பெயர். ஓடையில் மரத்தையும் சேற்றையும் வைத்து அணை கட்டுமே, அது. முப்பத்தைந்து வருஷம் அணையும் கால்வாயுமாகக் கழித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே கட்சி சேர்ந்துவிட்டேன்.

அன்றைக்குத் தோற்றார்கள். அடுத்த வாரமும் தோற்றார்கள். மூன்றாவது வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "இவர்கள் கடைசியாக எப்போது ஜெயித்தார்கள்?" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "2003-ல்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். 2003 பிப்ரவரி 15. அதற்குப் பிறகு ஒரு வெற்றி கிடையாது. நான் பார்க்க ஆரம்பித்தபோது தோல்வி ஏறக்குறைய இருநூறு ஆகியிருந்தது. ஒரு பையன் முதல் வருஷம் சேர்ந்து, நாலு வருஷம் ஆடி, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஒரு தடவைகூட ஜெயித்திருக்க மாட்டான். அப்படி இரண்டு தலைமுறை போயாகிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. இந்தக் கல்லூரிகள் ஆடுவது மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டுக்கென்று யாருக்கும் உதவித்தொகை கிடையாது. எதிரணிகளுக்கும் கிடையாதுதான், ஆனால் பக்கத்தில் கிளேர்மான்ட் என்ற ஊரில் இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஒரே டீமாக இறங்குகிறார்கள். கால்டெக்கில் கணக்கும் இயற்பியலும் வந்தால்தான் இடம். பந்து பிடிக்கத் தெரியுமா என்று பார்த்துச் சேர்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் சரியாக ஆடியே இராத பையன்கூட வந்து கிளவுஸ் மாட்டிக்கொள்வான். லேப் முடிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓடிவருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பினால் என் மனைவி வாசலிலேயே கேட்பாள், "என்ன, உங்க பசங்க இன்னிக்கும் கோவிந்தாவா?" ஆமாம் என்பேன். "இதைப் போய்ப் பாக்கறதுக்கு இங்க உக்காந்து வெண்டைக்காயாவது நறுக்கலாம்" என்பாள். நியாயம்தான்.

ஆனாலும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், ஒரு நாள் பார்த்ததைச் சொல்கிறேன். கடைசி இன்னிங்ஸ். எதிரணி ரொம்பத் தூரம் போய்விட்டது. பன்னிரண்டோ பதின்மூன்றோ ரன் வித்தியாசம். இரண்டு பேர் அவுட். ஒல்லியாக ஒரு பையன் வந்து நின்றான். பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பந்தை விட்டால் அவுட். ஆனால் லேசாகத் தொட்டுக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டால் அவுட் இல்லை, இன்னொரு பந்து வரும். இந்தப் பையன் தட்டினான். அடுத்ததையும் தட்டினான். ஐந்து, ஆறு, ஏழு என்று போயிற்று. எறிகிறவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. வெளியே போன பந்துகளை இவன் தொடவில்லை. அப்படி நாலு பந்து வெளியே போனால் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். கடைசியில் நடந்து போனான். அவ்வளவுதான். ரன் கிடையாது, அடிகூடக் கிடையாது. ஆனால் கால்டெக் பையன்கள் மொத்தப் பேரும் எழுந்து நின்று, உலகக் கோப்பையை ஜெயித்த மாதிரிக் கை தட்டினார்கள். அடுத்தவன் இரண்டாவது பந்திலேயே அவுட். ஆட்டம் முடிந்தது.

முடிந்த பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். எதிரணி பஸ் ஏறிப் போய்விட்டது. இவர்கள் போகவில்லை. ஆளுக்கொரு வாரியை எடுத்தார்கள். எறிகிற மேட்டில் கால் பதிந்து பள்ளமான இடத்தில் களிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு கட்டையால் இடித்தார்கள். ஓடுகிற வழியிலுள்ள மண்ணை ஒரு திசையாக வாரி, புல்லும் மண்ணும் சேரும் ஓரத்தைத் தனியாகச் சீவினார்கள். மேட்டின் மேல் தார்ப்பாய் போட்டு மூட்டை வைத்து அழுத்தினார்கள். ஈரம் எவ்வளவு இருந்தால் மண் இறுகும் என்று அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் கரை போடும்போது இப்படி இடிக்கச் சொல்லித் தொண்டை வற்றியவன் சார் நான். வேலி அருகே போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஒல்லிப் பையன் பக்கத்தில் வந்தான். என் அரைகுறை உச்சரிப்பில், "இவ்வளவு தோற்ற பிறகும் எப்படித் தினம் வருகிறீர்கள்?" என்று கேட்டேன். அவன் கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "போன வருஷம் என்னால் இரண்டு ஸ்ட்ரைக்குக்கு மேல் தாக்குப் பிடிக்க முடியாது; இன்றைக்கு ஏழு பந்தைத் தட்டினேன், எண்ணினீர்களா?" என்றான். எண்ணினேன் என்றேன். சந்தோஷமாகப் போய்விட்டான்.

அந்த ஊரில் இன்னொன்றும் கவனித்தேன். மகள் சொல்லித்தான் தெரியும். பல பரீட்சைகளுக்குக் கேள்வித்தாளை அறைக்கே எடுத்துப் போகலாம். மேற்பார்வையாளர் கிடையாது. மூன்று மணி நேரம் என்றால், தானே கடிகாரம் பார்த்து எழுதி, நேரம் முடிந்ததும் பேனாவை வைத்துவிட வேண்டும். புத்தகம் பார்க்கக் கூடாது என்றால் பார்ப்பதில்லை. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நாம் படித்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். பறக்கும் படையையே பறக்க வைத்தவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

நான் ஊர் திரும்பிய அடுத்த மாதம், 2012 ஜூலையில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் கால்டெக்கைத் தண்டித்தது. குற்றம் என்ன தெரியுமா? அங்கே மாணவர்கள் பருவத் தொடக்கத்தில் மூன்று வாரம் வெவ்வேறு வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எதில் சேர்வது என்று முடிவு செய்வார்கள். அந்த மூன்று வாரமும் காகிதப்படி அவர்கள் முழுநேர மாணவர்கள் இல்லை. ஆகையால் ஆடத் தகுதி இல்லை. 2007 முதல் 2010 வரை 12 விளையாட்டுகளில் 30 பேர் அப்படி ஆடியிருக்கிறார்கள். இதை யாரும் மொட்டைக் கடிதம் போட்டுச் சொல்லவில்லை. கல்லூரியே கண்டுபிடித்து, கல்லூரியே எழுதிக் கொடுத்தது. தண்டனைகளில் ஒன்று, அந்த ஆட்டங்களில் பெற்ற வெற்றிகள் செல்லாது என்பது. மகள் போனில் இதைச் சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. "அப்பா, உங்க பேஸ்பால் டீம்கிட்ட எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை!"

இந்தச் சமயத்தில் பாசடீனாவில் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகர மண்டபத்துக்கு எதிரே இரண்டு பெரிய வெண்கலத் தலைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று மேக் ராபின்சன். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் 200 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்தவர். இன்னொன்று அவர் தம்பி ஜாக்கி ராபின்சன். 1947 ஏப்ரல் 15-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி, பெரிய லீக்குகளில் கறுப்பின மக்களை அறுபது வருஷத்துக்கு மேல் ஒதுக்கி வைத்திருந்த வேலியை உடைத்தவர். அந்த ஊரிலேயே வளர்ந்து, யு.சி.எல்.ஏ.வில் படித்தவர். கல்லூரிக்காக அவர் நாலு விளையாட்டு ஆடினார். அதில் அவருக்குச் சுமாராக வந்தது பேஸ்பால்தான். 1940 பருவத்தில் அவருடைய சராசரி .097. பத்துத் தடவை மட்டையோடு போய் ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆட்டக்காரன் என்றால் .300 இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்குக் கை பரபரக்கும். 'பார்த்தீர்களா மாணவர்களே, தோற்றவன்தான் பின்னாளில்' என்று ஆரம்பித்துவிடுவோம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. நான் பார்த்த கால்டெக் பையன்களில் யாரும் ராபின்சன் ஆகவில்லை. ஆகப்போகிறோம் என்று நினைத்து ஆடவும் இல்லை.

2012 ஆகஸ்டில் கால்டெக் நிர்வகிக்கும் ஜெட் உந்துவிசை ஆய்வகம் கார் அளவுள்ள ஒரு வண்டியைச் செவ்வாய் கிரகத்தில் பத்திரமாக இறக்கியது. கியூரியாசிட்டி. நானும் இங்கே டி.வி.யில் பார்த்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம். 2013 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தது. மனைவிதான் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, உங்க பசங்க ஜெயிச்சுட்டாங்களாம்."

அங்கே சனிக்கிழமை. பசிஃபிகா என்ற அணியை 9-க்கு 7 என்று ஜெயித்திருக்கிறார்கள். தொடர்ச்சியாக 228 தோல்விக்குப் பிறகு. ஒரு பருவம் முழுக்க வெயிலில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு, ஜெயித்த அன்றைக்கு ஒன்பதாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் காப்பி. சந்தோஷம்தான். ஆனால் மனைவி சொன்னபோது என் கண் கலங்கியது வெற்றிக்காக இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் கணக்கை முடித்துவிடுகிறேன். அவர்கள் இருக்கும் தென் கலிஃபோர்னியக் கூட்டமைப்புக்குள் அதற்குப் பிறகும் தோற்றார்கள். அங்கே 1988-லிருந்து ஐந்நூறுக்கும் மேல் தோல்வி. 2017-ல்தான் அதுவும் முடிந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஈர்ப்பு அலைகளுக்காக அந்தக் கல்லூரியின் கிப் தார்னும் பாரி பாரிஷும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எது பெரிய செய்தி என்று மகளைக் கேட்டேன். "நோபல் ஏற்கெனவே நிறைய இருக்கு அப்பா" என்றாள்.

இப்போது நம் கதை. 1971–72. நான் மூன்றாம் வருஷம். நம் கல்லூரி கிரிக்கெட் டீமில் எப்படியோ எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அப்போது மைதானத்தில் புல் கிடையாது; கயிற்றுப் பாய் விரித்து ஆணி அடித்து ஆடுவோம். பாயைத் தூக்குவது, விரிப்பது, சுருட்டுவது எல்லாம் நாங்கள்தான். அந்த வருஷம் நம் டீம் ஆடிய முதல் நாலு ஆட்டத்திலும் தோற்றது. நான்காவதில் நான் இரண்டு கேட்ச் விட்டேன். மறுநாள் மெஸ்ஸில் ஒரு பயல் என்னைப் பார்த்து வெண்ணெய்க் கட்டியை நீட்டி, "விரலில் தடவிக்கிட்டுத்தான் போனியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

எங்கள் கேப்டன் ஒரு வருஷம் மூத்தவர். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியாது. இன்றைக்கும் நாங்கள் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறோம். "ஏன் தம்பி பிராக்டீஸுக்கு வரலே?" என்று அறைக்கே வந்து கேட்டார். தோற்கப் பிடிக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "மஞ்சள் காமாலை அண்ணே, டாக்டர் படுக்கச் சொல்லிட்டார்."

மறுநாள் விடியற்காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் கேப்டன். ஹாஸ்டலுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் பறித்த கீழாநெல்லி, மெஸ் அம்மிக்கல்லில் அரைத்து, ஒரு தம்ளர் மோரில் கரைத்து. "வெறும் வயித்துல குடி. உப்பு, எண்ணெய் கூடாது, மெஸ்ல சொல்லிட்டேன்" என்றார். பத்து நாள். பத்து நாளும் அவர் வந்தார். பத்து நாளும் நான் குடித்தேன். உப்பில்லாத சாதத்தைத் தின்றேன். அந்தப் பத்து நாளில் ஐந்தாவது ஆட்டமும் நடந்தது. ஆள் பற்றாமல் பத்துப் பேரோடு இறங்கி அதிலும் தோற்றார்கள். என்னால் ஒரு ஆள் குறைவு என்று கேப்டன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாறாக, ராத்திரி வந்து கண்ணை விரித்துப் பார்த்து, "மஞ்சள் இறங்கிடுச்சுடா" என்றார்.

அந்த ஸ்கோர் புத்தகம் இன்னும் உடற்கல்வித் துறை அறையில் இருக்கிறதா தெரியவில்லை. இருந்தால் அந்த ஆட்டத்துக்கு எதிரே என் பெயருக்கு நேராக 'உடல்நலமின்மை' என்று எழுதியிருக்கும். அவர் கையெழுத்து அது. அதைத் திருத்த வேண்டும் என்று வேலி ஓரத்தில் நின்று அந்தப் பையன்கள் மண் வாருவதைப் பார்த்தபோது தோன்றியது. அதற்குப் பிறகு இரண்டு கூடுகைக்கு வந்தேன்; இரண்டிலும் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்; சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தத் தடவை செயலாளரிடம் மைக் கேட்டு வாங்கினேன்.

கேப்டன், எனக்கு மஞ்சள் காமாலை இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கு வரைக்கும் வந்ததில்லை. நீங்கள் அரைத்துக் கொடுத்ததால்தான் வரவில்லையோ என்னவோ.

சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருக்கு அப்போதே தெரியுமோ என்று எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக் காலை ஏழு மணிக்குப் பழைய மாணவருக்கும் இன்றைய மாணவருக்கும் ஆட்டம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. நமக்கு ஒன்பது பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். எழுபதைத் தாண்டியாச்சு, என்னால் ஓட முடியாது, குனியவும் கொஞ்சம் சிரமம். லாங் ஆனில் நிறுத்துங்கள் கேப்டன். ஆறரைக்கே வந்துவிடுகிறேன்; பாய் விரிக்க ஆள் வேண்டியிருக்கும்.